முன் தாள் இல்லாத இரசாயனப் புத்தகம்

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள், சட்டத்தோடு சம்பந்தப்பட்ட ஒன்றை எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யுத்தம் நடந்த வருடங்களில் கண்டி நகரத்தில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்தேன். காலையில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து நடந்தே இறங்கி வருவேன். முதலாளி ஒரு முஸ்லிம். எல்லோரும் போல நானும் அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்றுதான் கூப்பிடுவேன்.

யாழ்ப்பாணத்துப் பாதை மூடிக் கிடந்ததால் உயர்தர வகுப்புக்குத் தமிழில் புத்தகம் கிடைப்பது அரிது. நாவலப்பிட்டி மாணவி ஒருத்தி ஒரு இரசாயனப் புத்தகம் கொண்டுவந்தாள். அவளுக்கு இரண்டு கொப்பி கொடுத்துவிட்டு மூலப் புத்தகத்தை நானா கடையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் படித்தது எங்கள் கொப்பியைத்தான்.

எந்தப் புத்தகம் வந்தாலும் முன் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது கடையின் வழக்கம். எழுதியவர் பெயரும் ‘உரிமை ஆசிரியருக்கே’ என்ற வரியும் அதில்தான் இருக்கும். அந்தத் தாள் இல்லாவிட்டால் வழக்குப் போட முடியாது என்று நானா நம்பினார். நானும் நம்பினேன். கிழிக்குமுன் ஒருமுறை வாசித்துவிட்டு, குப்பைக் கூடையில் போடுவேன்.

ஒரு புதன்கிழமை ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். ஒரு கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தபடியே நின்றார்.

“பிள்ளை, இதுக்கு முன் தாள் இல்லையோ? அதிலதான் என்ர பேர் இருந்தது.”

சண்டை பிடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நானாவைக் கூப்பிட்டேன். அவர் சண்டை பிடிக்கவில்லை. இனக்கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபோது சான்றிதழ்களும் சொந்தப் புத்தகங்களும் போய்விட்டனவாம். கண்டியில் ஒரு டியூஷன் நிலையத்தில் வேலை கேட்டிருக்கிறார். அந்தப் புத்தகத்தை எழுதியது தான்தான் என்று காட்டினால் போதும், மறுநாள் காலைக்குள் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். வேலைக் கடிதம் இல்லாமல் யாழ்ப்பாணத்து ஆளுக்கு இங்கே அறை தருகிறவர்கள் இல்லை.

மூலப் புத்தகத்தை எடுத்துக் காட்டினோம். அதிலும் அந்தத் தாள் இல்லை. அப்படியானால், இது தன்னுடைய புத்தகம் என்று கடையிலிருந்து ஒரு கடிதம் தரும்படி கேட்டார்.

நானா தலையைச் சொறிந்தார். “மாஸ்டர், நீங்க எங்கள பொலிசில புடிச்சிக் குடுக்க வேண்டிய ஆள். நீங்களே வந்து சர்டிபிகேட் கேக்கிறீங்களே.”

“பொலிசுக்குப் போனா, யாழ்ப்பாணத்து ஆள் எண்டு முதல்ல என்னைத்தான் பிடிச்சு வைப்பினம்,” என்றார் அவர்.

நானா சிரித்துவிட்டார். ஆனாலும் எழுதிக் கொடுக்க மறுத்தார். நாங்கள் கொப்பி அடிக்கிறோம் என்று நாங்களே கையெழுத்து வைப்பதாகிவிடும் என்றார். அது நியாயம்தான். அவருக்கும் குடும்பம் இருந்தது. நானா மத்தியான லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனார். மாஸ்டர் கதிரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு தாள் எடுத்தேன். இந்தப் புத்தகத்தின் முன் தாளைக் கிழித்தவள் நான், கிழிக்குமுன் அதில் இவருடைய பெயரை வாசித்தேன் என்று எழுதி, என் பெயரையும் லயத்து விலாசத்தையும் போட்டேன். எழுதுமுன் அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் பெயரைச் சரிபார்த்தேன். நான் வாசித்த பெயர்தான்.

“உமக்குப் பிரச்சினை வராதோ?” என்று கேட்டார். தெரியாது என்றேன். நானா திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவர் அன்று நேரத்தோடே கடையைப் பூட்டிவிட்டார்.

மறுநாள் டியூஷன் நிலையத்திலிருந்து ஒருவர் கடிதத்தோடு வந்து, இது இந்தக் கடைப் பிள்ளை எழுதியதா என்று கேட்டார். நானா ஆமாம் என்றார். மாஸ்டருக்கு வேலை கிடைத்தது. மத்தியானம் நானா மூலப் புத்தகத்தையும் மிச்சமிருந்த கொப்பிகளையும் ஒரு கடதாசிப் பையில் போட்டு அவருக்குக் கொடுத்தனுப்பினார். பின்னேரம் அதே புத்தகத்தைக் கேட்டு வந்த இரண்டு மாணவிகளிடம் இல்லை என்று சொன்னேன்.