ஆற்றங்கரையில் ஐந்து புளியங்கொட்டைகள்

சங்கராபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்த காலம். சீனப் போரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, காலண்டர் தாளின் பின்பக்கம் வரைபடம் போட்டு, சண்டை விளையாட்டு ஒன்று செய்திருந்தேன். நம் வீரர்களுக்குப் புளியங்கொட்டை, எதிரிக்குச் சட்டைப் பொத்தான். சாப்பாட்டு நேரத்தில் என்னோடு ஆடுபவர் எங்கள் வாட்ச்மேன், வெள்ளிமலைக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர்.

அன்று அவருக்கு நம் பக்கம். எடுத்த எடுப்பிலேயே ஆற்றங்கரையில் இருந்த ஐந்து கொட்டைகளையும் மேட்டுக்கு இழுத்தார்.

“அது ஆவாதுண்ணே,” என்றேன். “அன்னைக்கு எங்க நின்னாங்களோ அங்கதான் நிக்கணும். முடிவு தெரிஞ்சிக்கினு நகத்துனா எதிராளிக்கு அநியாயம் இல்லியா?”

“ஒரே ஒரு தபா சார். இதுங்கள மட்டும் மேல வுட்டுடுங்க.”

கொட்டைகளைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். நான் சிரித்துக்கொண்டே விரல்களைப் பிரித்து, அவற்றைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

“முடிஞ்சப்புறம் யாரு வேணா புத்திசாலிண்ணே.”

“முடிஞ்சப்புறம் இல்ல சார்,” என்றார். “அந்தக் கரையில நின்னவன் நான். மாட்டிக்குவோம்னு முந்தின நாளே தெரியும். மேட்டுக்குப் போறோம்னு ஒயர்லெஸ்ல மூணு தபா கெஞ்சினோம். அங்கியே இருங்கன்னாங்க. மறுநாள் அஞ்சு பேர்ல நான் மட்டுந்தான் மீதி.”

எழுந்து கேட்டுக்குப் போய்விட்டார்.

அங்கே நின்றவர்களுக்கு அன்றே என்ன தெரிந்திருந்தது என்று எந்தப் புத்தகத்திலும் நான் தேடியதில்லை. நியாயம் என்று நினைத்துத்தான் அந்த விதியைப் போட்டேன். அந்த ஐந்து பேரையும் இரண்டாம் முறை ஆற்றங்கரையில் நிறுத்தியவன் நான்.