ஐரீன் டீ ஆத்திய நாள்

மோரைக் கடைகிறோம், சர்பத்தைக் கலக்குகிறோம், காபியைப் போடுகிறோம். டீயைப் போட்டாலும் அதோடு விடுகிறோமா? ஆத்துகிறோம். சூடு தணிவது ஆறுவது, தணிய வைப்பது ஆற்றுவது. புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது, சோறு ஆறிப்போகிறது என்கிறோமே, அதே குடும்பத்துச் சொல்தான். டீ என்கிற பெயர் கப்பலேறி வந்தது. ஆத்துகிற வேலை இங்கேயே இருந்தது. டீயின் வாசனையே தெரியாத காலத்திலும் தாய்மார்கள் பிள்ளைக்குப் பாலை ஆற்றித்தான் கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட சொல்லை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். சும்மா நிற்கிறவனைப் பார்த்து, "இன்னா, டீ ஆத்தினு கீறியா?" என்கிறோம். ஒருநாளாவது ஆத்திப் பார்த்தவன் வாயிலிருந்து இந்தக் கேள்வி வராது. சந்தேகமிருந்தால் ஐரீனைப் போய்க் கேளுங்கள்.

ஐரீனுக்கு நாற்பத்து மூன்று வயது. பிறந்தது ராயபுரம், வாழ்க்கைப்பட்டது காலடிப்பேட்டை. எண்ணூர் போகும் சாலையில், ஓர் இரும்புப் பட்டறையின் கேட்டுக்கு எதிரே இருக்கிற கிருஷ்ணப்பன் டீக்கடையில் ஒன்பது வருஷம் கிளாஸ் கழுவினாள். பாய்லர் பக்கம் அவள் போகக்கூடாது. அது மாஸ்டர் வெற்றியின் ராஜ்ஜியம். வெற்றி கையை உயர்த்தினால் டீ மூன்றடிக்குக் கயிறு மாதிரி இறங்கும். அதைப் படம் பிடிக்கவே செல்போனோடு ஆட்கள் வருவார்கள். ஐரீனும் பார்ப்பாள், பார்த்துவிட்டுத் தொட்டிக்குக் குனிவாள். அந்த இடத்தில் தான் நிற்கவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

போன மாதம் வெற்றி பைக்கிலிருந்து சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். மாவுக்கட்டு போட்டாயிற்று, இரண்டு மாதம் கையை அசைக்கக்கூடாது. கிருஷ்ணப்பன் உடனே போனை எடுத்து, பட்டனை அழுத்தினால் டீ கொட்டும் மெஷின் எப்போது கிடைக்கும் என்று யாரையோ விசாரிக்க ஆரம்பித்தார். மெஷின் வந்துவிட்டால் அந்த இடத்தில் அப்புறம் எந்த மனுஷருக்கும் வேலை இல்லை. ஐரீன் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, நா ஆத்தறேன்."

"நீயா? இன்னாம்மா ஐரீனு, காலங்காத்தால காமெடி பண்ற? பொம்பள பாய்லராண்ட நின்னா எவன் வருவான்?"

"ஒங்க வூட்ல டீ போடறது யாரு? வூட்டுக்காரம்மாதான? நீங்க குடிக்காமயா வந்துட்டீங்க?"

கிருஷ்ணப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சரி, நாளைக்கு காலைல ஆத்து. பத்து மணி சங்குக்கு பட்டறையிலேருந்து அறுபது பேரு வருவானுங்க. பத்தே நிமிசம், அடுத்த சங்கு ஊதிரும். ஒர்த்தன் டீ குடிக்காம உள்ள போனாலும் மெஷினு வந்துரும். அப்பால என்னாண்ட அழுவாத."

மறுநாள் பத்து மணிக்கு சங்கு ஊதியது, கேட் திறந்தது, அறுபது பேரும் சாலையைக் கடந்து வந்தார்கள். இங்கேதான் ஐரீன் ஒரு பெரிய தப்புப் பண்ணினாள். வெற்றி மாதிரியே கையை உயர்த்தினாள். பாதி டீ தரைக்குப் போயிற்று, மீதி அவள் மணிக்கட்டில் கொட்டியது. தோல் தீயாய் எரிந்தது.

"அக்கா, டீ நமக்கா, ரோட்டுக்கா?" என்று ஒருத்தன் கத்தினான். கூட்டம் சிரித்தது. கல்லாவில் இருந்த கிருஷ்ணப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு நிமிஷம் போயே போய்விட்டது.

அவமானத்தில் ஐரீனுக்குக் கண் கலங்கியது, கூடவே வீம்பும் வந்தது. வெற்றி மாதிரி நான் எதுக்கு ஆத்தணும்? வெற்றியின் சாமர்த்தியத்தை இந்த உலகமே பார்த்திருக்கலாம். அவன் கொடுத்த கிளாஸ்கள் எப்படித் திரும்பி வந்தன என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான். பாதிக்குப் பாதி டீயோடுதான் வரும். கயிறாக இறக்குவதெல்லாம் முன்னால் நிற்கிற நாலு பேருக்கு. மற்றவர்களுக்கு அவசரத்தில் கொதிக்கக் கொதிக்கத் தள்ளிவிடுவான். அவர்கள் ஊதி ஊதிப் பார்ப்பார்கள், இரண்டாவது சங்கு ஊதும், அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள். ஒன்பது வருஷமாக அந்த மீதியைச் சாக்கடையில் கொட்டியது அவள் கைதான்.

ஐரீன் கையிலிருந்த சின்னக் குவளையை ஓரமாக வைத்தாள். அகல வாய் கொண்ட இரண்டு பெரிய மக்குகளை எடுத்தாள். ஒரே தடவையில் பத்து கிளாஸ் அளவுக்குப் பாலும் டிக்காஷனும் சர்க்கரையும் விட்டு, மார்பு உயரத்துக்கு மேல் தூக்காமல், மாற்றி மாற்றி ஊற்றினாள். நுரைக்காக இல்லை, ஆறுவதற்காக. மக்கைப் புறங்கையில் ஒற்றிப் பார்த்தாள். குடிக்கிற சூடு வந்ததும் பத்து கிளாசிலும் வரிசையாக விட்டாள்.

முதல் பத்துப் பேர் வாங்கி வழக்கப்படி ஊதினார்கள். ஊதத் தேவையே இல்லை என்று தெரிந்ததும் மடக் மடக்கென்று குடித்தார்கள். இருபது, முப்பது, நாற்பது. கேலி பேசினவன் சத்தமில்லாமல் வரிசையில் வந்து நின்றான். மணிக்கட்டு எரிச்சல் ஐரீனுக்கு மறந்தே போயிற்று.

ஐம்பத்தொன்பது பேர் குடித்தாயிற்று. அறுபதாவது ஆள் அருள்பிரகாசம், கிரேன் ஓட்டுகிறவர். உச்சியிலிருந்து ஏணிப்படி இறங்கி வருவதற்குள் பாதி நேரம் போய்விடும். வெற்றி காலத்தில் அவர் ஒருநாள்கூட முழு கிளாஸ் குடித்ததில்லை. அன்றைக்கும் மூச்சு வாங்க ஓடி வந்தார். இரண்டாவது சங்குக்கு அரை நிமிஷம்கூட இல்லை. கிருஷ்ணப்பன் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஊதாத நைனா, குடி!" என்றாள் ஐரீன்.

அருள்பிரகாசம் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார், ஒரு சொட்டு விழவில்லை. "இருவது வருசத்துல இன்னைக்குதான்க்கா டீ குடிச்சேன்!" என்று அவர் கத்துவதற்கும் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது. ஓடுகிற கூட்டத்திலிருந்து, "நாளைக்கும் நீயே ஆத்து மாஸ்டரு!" என்று ஒரு குரல் வந்தது. ஐரீன் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் முந்தானையில் துடைத்தாள்.

கிருஷ்ணப்பன் தொட்டியருகே போய் எட்டிப் பார்த்தார். அறுபது கிளாஸ், ஒன்றிலும் மிச்சமில்லை. போனை எடுத்தார். "மெஷினு வேணாம்பா. வேணாம்னா வேணாம், வை."

அதற்குள் கன்டெய்னர் லாரிக்காரர்கள் பத்துப் பேர் வந்து டீ கேட்டார்கள். ஐரீன் இரண்டு மக்கையும் கையில் எடுத்தாள். டீ தயார், கிளாஸ் இல்லை. அத்தனையும் தொட்டியில் கிடக்கிறது. அவள் கிருஷ்ணப்பனைப் பார்த்தாள். கிருஷ்ணப்பன் சாலையைப் பார்த்தார், லாரிகளைப் பார்த்தார், வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போகவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் குந்தினார்.

"அடியில நல்லா தேய்ங்கண்ணே," என்றாள் ஐரீன், ஆத்திக்கொண்டே. "சீக்கிரம், ஆளுங்க நிக்கிறாங்க."