மஞ்சள் ரிப்பன் கட்டிய நாள்

சைக்கிளில் ஊர் சுற்றினோம் என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். இலங்கை மலைநாட்டில், எங்கள் லிந்துலையில் சைக்கிள் வைத்திருப்பவன் பாதி வழி அதை ஓட்டுவான், மீதி வழி தள்ளுவான். இருந்தாலும் எட்டு வயதில், ஏப்ரல் லீவில், எனக்கு ஒரு சைக்கிள் பயணம் வாய்த்தது. அந்த ஒரு நாளுக்குத் திரும்பிப் போக முடியுமென்றால் இன்றைக்கும் செருப்புப் போடாமல் ஓடுவேன்.

கூட்டிப் போனவர் என் தாய்மாமா. தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடையில் அவருக்கு வேலை. சைக்கிளும் நானாவுடையதுதான். மாமா பொறுமைக்குப் பேர்போனவர் அல்ல. ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்; ஒவ்வொரு முறையும் "அடுத்த கிழமை" என்றுவிடுவார். அன்றைக்கு என்னவோ விடிந்ததும் அவராகவே தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் வந்து மணி அடித்தார்.

அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கோயில் திருவிழாவுக்கே ஒற்றைப் பின்னலோடு அனுப்புகிறவள், அன்று இரட்டைப் பின்னல் போட்டாள். அவிழ்த்துவிட்டு மறுபடியும் போட்டாள். புதிதாக வாங்கி வைத்திருந்த மஞ்சள் ரிப்பனைப் பூசணிப்பூ அளவுக்கு விரித்துக் கட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரே ஒரு ஆசைதான் பாக்கி: நான் சைக்கிளில் போவதை அம்மா பார்க்க வேண்டும்.

"இன்னைக்கு எந்த மலையிலம்மா நிப்ப?" என்று கேட்டேன். எங்கள் பேச்சில் தேயிலைத் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒரு மலை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணும்போதுதான் யாருக்கு எந்த மலை என்று சொல்வார்கள்.

"பெரட்டுல என்ன குடுக்குறாங்களோ, யாருக்குத் தெரியும்? எங்கயாச்சும் ஒரு மலையில நிப்பேன். நீ பாத்துக்கிட்டே போ."

நான் பார்த்துக்கொண்டே போனேன். முன் கம்பியில் உட்கார்ந்து, வலப்பக்கம் ஒரு மலை, இடப்பக்கம் ஒரு மலை என்று கழுத்து வலிக்கத் தேடினேன். அந்த மலைகளில் பாதி வேறு தோட்டத்துக்குச் சொந்தமானவை. அது எனக்குத் தெரியாது. கொழுந்து பறிக்கிற மலை என்றால் அதில் அம்மா இருப்பாள், அவ்வளவுதான் என் கணக்கு.

மாமா அன்று எதற்கும் அவசரப்படவில்லை. பாலத்தில் நிறுத்தி ஓடும் தண்ணீரைக் காட்டினார். நானாவின் கடையில் நிறுத்தினார். நானா எனக்குப் பனிஸ் என்கிற இனிப்பு ரொட்டியும் பிளேன்டீயும் கொடுத்து, தலையைத் தடவி, "நல்லா இரிக்கணும் மகள்" என்றார். ஒரு பனிஸுக்கு இவ்வளவு பெரிய ஆசீர்வாதமா என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நீர்த்தேக்கக் கரையில் கல் எறிந்து விளையாடினோம். கேட்டதற்கெல்லாம் மாமா சரி என்றார். கைக்கடிகாரத்தை மட்டும் அடிக்கடி பார்த்தார்.

கடைசியாக அருவி. நுவரெலியாவுக்கு வந்த கொழும்பு ஆட்கள் வேன்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோட்டுக்கு மேலே தேயிலை மலை. கீழே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ரயில் பாதை. மாமா என்னை ரோட்டோரத்துச் சுவரின் மேல் ஏற்றி நிற்க வைத்தார். தூரத்தில் ரயில் கூவியது.

"கொழும்பு ரயில் வருது பாரு. டாட்டா காட்டு."

அந்த நேரம் பார்த்துத்தான் மேலே மலையில், நிரையாக நின்ற பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். தலையில் சிவப்புத் துணி. நான் கை காட்டினேன். அவளும் காட்டினாள்.

"மாமா, அம்மா! அந்தா அம்மா!"

"இங்கிட்டுத் திரும்புடி. ரயில் போயிரும்."

"ரயிலு தெனமுந்தான் போகுது!"

தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். நான் உதறிக்கொண்டு மலையைப் பார்த்தே இரண்டு கையையும் ஆட்டினேன். முதுகுக்குப் பின்னால் தடதடவென்று பெட்டிகள் ஓடின. சத்தம் அடங்கியதும் மாமா, "ஒரு தடவ சொன்னா கேக்கவே மாட்டியா?" என்று கத்தினார். அன்று முழுவதிலும் அவர் கோபப்பட்டது அது ஒன்றுக்குத்தான். நான் அழுவதற்கு முன்பே போய் ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். தனக்கு வாங்கவில்லை.

பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது அப்பா சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவர் அடுப்படியில் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா கொழும்புக்குப் போயிருக்கிறாள், அங்கிருந்து குவைத்துக்கு, இரண்டே வருஷம் என்றார். இரண்டு, ஐந்து வருஷமானது. அம்மா இல்லாத வீட்டில் தலையணைக்கடியில் அந்த ரிப்பனை வைத்துக்கொண்டு படுப்பேன். அவள் மணம் அதில் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

அந்த ரயிலில்தான் அம்மா போனாள் என்று மாமா எனக்குச் சொன்னது என் பதினாறாம் வயதில். வாசலில் வைத்து விடைபெற்றால் நான் விடமாட்டேன், நான் அழுதால் அவளாலும் போக முடியாது என்று, ஜன்னல் வழியாக ஒரு தடவை என் முகத்தைப் பார்ப்பதற்காக அவளே செய்த ஏற்பாடு அது. எங்கயாச்சும் ஒரு மலையில நிப்பேன் என்று சொல்லி என் கண்ணை மலைப்பக்கம் திருப்பிவிட்டவளும் அவளேதான்.

ஆனால் குவைத்திலிருந்து முதல் போன் வந்தபோது இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அப்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி, முக்கியமானதை முதலில் கேட்டேன்.

"அன்னைக்கு மலையிலேருந்து எனக்குக் கை காட்டினது நீதானேம்மா?"

 

"ஆமாடி. நாந்தான்."

"என்னய நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு ரிப்பனும் நல்லாத் தெரிஞ்சிச்சு."

எனக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. அம்மா பார்த்துவிட்டாள் என்று அந்த வாரம் முழுவதும் லயமெங்கும் சொல்லித் திரிந்தேன். மலையைப் பார்த்து நின்றவளின் முதுகில் தொங்கிய ரிப்பன் மலையில் நிற்பவளுக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.