சுஷ்மா அக்கா உட்கார்ந்த இடம்

சுஷ்மா அக்காவின் தாய்மொழி தமிழ். ஆனால் அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதைச் சின்னக்கானலில் எங்கள் வீட்டில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "பேசத் தெரிஞ்சவளுக்கு வாசிக்கத் தெரியாதா, ஒன்ன ஏமாத்தியிருக்கா" என்றார் அம்மா. ஏமாற்றவில்லை. என்ன நடந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா பாலக்காட்டில் கல்பாத்தியில் பிறந்தவர். அவர்கள் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் படிப்பது மலையாளம். அக்கா சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் தமிழில்தான் செய்தி அனுப்புவார், ஆனால் எழுத்து மலையாள எழுத்தாக இருக்கும். நான் அதற்கு நேர் எதிர். கேரளத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தவள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். மலையாளம் பேசுவேன், எழுதினால் வரிக்கு ஒரு தப்பு வரும்.

நாங்கள் இருவரும் சந்தித்தது ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் வராந்தாவில். தொடக்கப் பள்ளி ஆசிரியராவதற்கு இரண்டு வருடப் பட்டயப் படிப்பு முடிக்க வேண்டும். எங்கள் ஊரில் இன்னும் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு டி.டி.சி. என்பார்கள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கென்று அங்கே சில இடங்கள் உண்டு. அன்று அதற்கு நேர்முகத் தேர்வு. நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தை உள்ளே சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்துவிட்டால் பிளஸ் டூ மார்க் வரிசைப்படி இடம். முதலில் போய் வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பாடம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஊர்க் கிணற்றைத் தூர் வாரும் பாடம்.

எனக்குச் சும்மா உட்கார வராது. பையில் பழைய நாலாம் வகுப்புப் புத்தகம் இருந்தது. எடுத்து வராந்தாவில் நடந்துகொண்டே படித்தேன். பக்கத்தில் பருத்திச் சேலையில் நின்றிருந்த ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"கொழந்தே, நேக்கு ஒரு ஒபகாரம் பண்ணுவயா? அதைக் கொஞ்சம் உரக்க வாசியேன்."

"கண்ணாடி கொண்டு வரலையாக்கா?"

"கண்ணாடி போட்டாலும் வராது. நேக்குத் தமிழ் எழுத்து தெரியாது ஆக்கும்."

"இப்பப் பேசறது என்னதுக்கா?"

"பேசறது வேற, வாசிக்கறது வேற. நீ டீ குடிக்கறயோல்லியோ, தேயிலை கிள்ளத் தெரியுமோ?"

"தெரியும்க்கா. நான் சின்னக்கானல்."

"போச்சு. வேற உதாரணம் யோசிச்சுச் சொல்றேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் வாசித்தேன். அவர் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் உள்ளங்கையில் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டார். ஒரு கை நிறைந்ததும் இன்னொரு கையை நீட்டி என்னைப் பேனா பிடிக்கச் சொன்னார். அது எனக்குத் தெரியாத எழுத்து இல்லையே, தப்பும் தவறுமாக எழுதினேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்ததும் பாடம் முழுக்க அவர் வாயில் வந்துவிட்டது. குழாயில் கையைக் கழுவிவிட்டு உள்ளே போனார்.

கதவு சாத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன். வாளி கயிறு அறுந்து கிணற்றுக்குள் விழும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தினார். உள்ளே தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் "ஐயோ" என்றார். பிறகு சிரிப்பு. எனக்கே பெருமையாக இருந்தது, நான் சொல்லிக் கொடுத்தது என்று. அடுத்து நான் போனேன். தப்பில்லாமல், வேகமாக வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. போதும் என்றார்கள்.

பட்டியல் நாலு மணிக்கு என்றார்கள். "அதுவரைக்கும் இங்க நின்னு என்ன பண்ணப் போறே, ஆத்துக்கு வா" என்று அக்கா கூட்டிப் போனார். போகும் வழியில் தன் கதையைச் சொன்னார். ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பல வருடமாக மிஸ். பயிற்சி முடித்தவர்கள்தான் வகுப்பு எடுக்கலாம் என்று நிர்வாகம் ஒருநாள் சொல்லிவிட்டது. வேலையை விட்டு அனுப்பவில்லை. பச்சை கோட்டு ஒன்றைக் கொடுத்து உதவியாளர் ஆக்கினார்கள். பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது, டிபன் பாக்ஸ் திறந்து கொடுப்பது. முந்தின வருடம் அவர் வகுப்பிலிருந்த பிள்ளையின் அம்மா வாசலில் நின்று, "டீச்சரைக் கொஞ்சம் கூப்பிடறேளா" என்று அவரிடமே கேட்டாராம்.

"நானும் கூப்பிட்டுக் குடுத்தேன்" என்றார் அக்கா.

அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழகத்தின் படிப்பு ஆலோசனை மையத்துக்குப் போயிருக்கிறார். டின்சி என்கிற சின்னப் பெண் அங்கே இருந்தாள். பட்டப் படிப்பு பாதியில் நின்றுவிட்டதால் பி.எட். முடியாது, பட்டயப் படிப்புக்கு இந்த வருடத்தோடு வயது தாண்டுகிறது, பொதுப் பட்டியலில் வர வாய்ப்பில்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேட்டிருக்கிறாள். தமிழ் என்றதும் முகம் மலர்ந்துவிட்டதாம். விதியில் தாய்மொழி தமிழாக இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது.

வீட்டில் அக்காவின் கணவர் கிச்சா இருந்தார். மருந்துக் கம்பெனியில் வேலை. எனக்குப் பருப்பும் தேங்காயும் சேர்த்த மொளகூட்டலைப் பரிமாறிக்கொண்டே, "உன் சிஷ்யை எப்படிப் பண்ணினா? பாஸாயிடுவாளோ?" என்றார்.

"என்னைவிட நல்லாப் படிச்சாங்க."

"படிச்சாளா? ஒப்பிச்சாள்னு சொல்லு."

"நீங்க சும்மா இருங்கோ" என்றார் அக்கா. அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

நாலு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். தமிழ் இடங்களில் கடைசியாக சுஷ்மா அக்காவின் பெயர். காத்திருப்போரில் முதலாவதாக என் பெயர். அக்காவின் பழைய பிளஸ் டூ மார்க் என்னுடையதைவிடக் கொஞ்சம் கூட. பட்டியல் தமிழில் இருந்தது. அக்கா என்னைத்தான் பார்த்தார், நான் வாசித்துச் சொல்வதற்காக. வாசித்துச் சொன்னேன்.

பேருந்து நிலையம் வரை கூட வந்தார். ஜன்னல் பக்கம் நின்று, "நான் வேணும்னு பண்ணலை செல்வி" என்றார்.

"தெரியும்க்கா. யாராச்சும் போனா எனக்கு வரும்ல" என்றேன்.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் செய்தார். யாராவது போகிறார்களா என்று சக மாணவிகளையெல்லாம் விசாரித்துவிட்டு எனக்குச் சொல்வார். "ஒருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு, ஆனா அவ படிப்பை விட மாட்டாளாம்." இன்னொருத்திக்கு நர்சிங் கிடைக்கலாம். அதுவும் கிடைக்கவில்லை. யாரும் போகவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல, கோபமா என்று கேட்பார். இல்லை என்பேன். கோபம் இல்லாமலில்லை. ஆனால் யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. வாசித்துக் காட்டியது நான்தானே.

தேனிப் பக்கம் ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் சேர்த்துவிடுவதாக மாமா சொன்னார். அங்கே படித்த சான்றிதழ் கேரளத்தில் செல்லுமா என்று கேட்க, அக்கா கொடுத்த எண்ணில் டின்சியைக் கூப்பிட்டேன். இணையானது என்று இங்கே எழுதி வாங்காமல் செல்லாது, அது உடனே கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது, அவசரப்படாதே என்றாள். மாதக் கடைசி வரை காத்திருப்போர் பட்டியல் உயிரோடு இருக்கும், அதற்குள் ஒருவர் விலகினாலும் இடம் உனக்குத்தான், அதற்குப் பிறகு காலியானால் காலியாகவே கிடக்கும் என்றாள். யார் விலக வேண்டும் என்று நான் நினைத்தேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

மாதம் முடிய ஒருநாள் இருந்தபோது அக்கா கூப்பிட்டார். எங்கள் லயத்தில் போன் அடிக்கும், பேசச் சிக்னல் போதாது. ரோட்டு வளைவு வரை ஓடிப் போய்த் திருப்பிக் கூப்பிட்டேன்.

"டின்சி கிட்டப் பேசினயா?"

"பேசினேன்க்கா. அடுத்த வருசம் பாக்கலாம்னாங்க."

"பொய் சொல்லாதே. நேக்கும் சொல்லிட்டா. நாளையோட முடியறது."

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன்.

"போன வாரம் எங்களை ஸ்கூல் பாக்க அனுப்பினா, கொழிஞ்சாம்பாறை பக்கம். நாலாம் கிளாஸ். ஒரு பொண்ணு கதைப் புஸ்தகத்தைக் கொண்டுவந்து, இது என்ன டீச்சர்ன்னு வெரலை வச்சுது. நான் எழுத்துக் கூட்டிண்டிருந்தேன். அது கொஞ்ச நேரம் பாத்துது. அப்பறம் பக்கத்துல நின்னவகிட்டக் கொண்டு போயிடுத்து. ஒண்ணும் சொல்லலை, மரியாதையாப் போயிடுத்து."

"கத்துக்கிடலாம்க்கா. ரெண்டு வருசம் இருக்குல்ல."

"கத்துக்கலாம். அதைத்தான் தினம் நேக்கு நானே சொல்லிண்டிருக்கேன். சொல்லறச்சே எல்லாம் நீ ஞாபகத்துக்கு வரே. இப்போ கேக்கறேன். நோக்கு இந்த இடம் வேணுமா, வேண்டாமா?"

"அது ஒங்க இடம்க்கா. நான் எப்படிச் சொல்ல?"

"மரியாதை எல்லாம் அப்பறம். வேணுமா, வேண்டாமா?"

வேண்டாம்க்கா, நீங்க படிங்க என்ற பதிலைப் பல நாளாகத் தயாராக வைத்திருந்தேன். பச்சை கோட்டும் ஞாபகத்தில் இருந்தது. அவருக்கு இதுதான் கடைசி வருடம் என்பதும் தெரியும். தோட்டத்து லாரி ஒன்று வளைவில் திரும்பியது. அது போகட்டும் என்று காத்திருந்துவிட்டு, "வேணும்க்கா" என்றேன்.

"ஷெரி. இப்பவாவது சொன்னயே" என்றார். பாரம் இறங்கியதுபோலக் குரல் லேசாக இருந்தது. அவ்வளவு லேசாக இருந்திருக்க வேண்டாம்.

"ஒரு பொம்பள எந்திரிச்ச எடத்துல போயி ஒக்காரப் போறியா?" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே என் பெட்டியையும் அடுக்கினார்.

இப்போது நான் விடுதியில் இருக்கிறேன். அக்கா பள்ளிக்கூடத்தில் அதே பச்சை கோட்டில் இருக்கிறார். அவர் கணக்குப் பட்டப் படிப்பில் கல்யாணத்தின்போது எழுதாமல் விட்ட ஒரு தாள்தான் பாக்கி என்று டின்சிக்கு இப்போதுதான் தெரிந்தது. பழைய மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் எப்போதாவது கொடுக்கும் மெர்சி சான்ஸில் அதை எழுதிவிட்டால் பி.எட். சேரலாம், அதற்கு வயது தடையில்லை. முதல் நாளே படிப்பு ஏன் நின்றது என்று கேட்டிருக்க வேண்டும், வீட்டில் என்ன மொழி என்று மட்டும் கேட்டுவிட்டேன் என்று டின்சி என்னிடமே வருத்தப்பட்டாள். அக்கா விண்ணப்பித்திருக்கிறார். தேர்வு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தடவை நான் மொளகூட்டல் கேட்டபோது கிச்சா, "இடத்தையும் வாங்கிண்டா, மொளகூட்டலையும் வாங்கிக்கறா" என்றார். விளையாட்டுக்குத்தான். அவர் எல்லாரையும் அப்படித்தான் பேசுவார். அக்கா அவரை முறைத்துவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் போட்டார். மேஜையில் கணக்குப் புத்தகம் திறந்து கிடந்தது. அதன் மேல் பள்ளிக்கூட அடையாள அட்டை. மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன்.

போன வாரம் எங்கள் வகுப்பை மறுபடியும் அதே கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நாலாம் வகுப்பில் ஒரு சிறுமி கதைப் புத்தகத்தோடு வந்தாள். விரல் வைத்த சொல்லை உடனே வாசித்துச் சொன்னேன். அவள் போகவில்லை.

"ஏனுங் டீச்சர், அந்தக் கெணத்து டீச்சர் வல்லீங்களா?"

"யாரு?"

"கெணத்துக் கதை சொன்னாங்கல்லங், அவிய. வாளி உளுகறப்ப நாங்கெல்லாம் கத்துனமுங்க."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே தமிழ்ப் பாடம் அதுதான். இனி வரமாட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நானே சொல்கிறேன் என்று தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு தப்பில்லாமல் வாசித்தேன். வாளி விழுந்தது. யாரும் கத்தவில்லை. அந்த இடத்துக்குத் திரும்பிப் போய், அக்கா செய்ததுபோல ஒரு நொடி நிறுத்திவிட்டு மறுபடியும் வாசித்தேன்.

"அப்புடி இல்லீங் டீச்சர்" என்றாள் சிறுமி, எனக்கு வருத்தமாகிவிடக் கூடாதே என்பதுபோல மெதுவாக.

அன்று மாலை அக்காவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அந்த இடத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார். அதனால்தான் கூப்பிடவில்லை. அவரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டாயிற்று. இன்னொன்றையும் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.