அஞ்சாம் பாகத்தோட சரி

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் கட்டுகிறவளுக்கு டிராகன் அக்கா என்று யாரோ பேர் வைத்தார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. இளஞ்சிவப்பு மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்துக்கொண்டே அவள் பேசுவதெல்லாம் ராஜாக்களும் பறக்கும் பிராணிகளும்தான். சும்மா பேசமாட்டாள், தீர்ப்புச் சொல்வாள். தொடர் நாவலில் முதல் பாகம் எழுத எவனுக்கும் வரும், மூன்றாம் பாகத்தில்தான் சாயம் வெளுக்கும் என்பாள். மந்திரம் போட்டவனுக்குக் கொஞ்சமாவது வலிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கதையே இல்லை. முதல் பக்கத்து வரைபடத்தில் இல்லாத மலை நான்காம் பாகத்தில் முளைத்தால் எழுதினவரை நிற்கவைத்துக் கேட்க வேண்டும். செத்தவன் உயிரோடு வந்துவிட்டாலோ, அன்றைக்கு அந்த அறையில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது.

இந்த அக்காவைத்தான் சொந்தக்காரர்கள் "புத்தகத்துக்காகப் புருஷனை விட்டவ" என்கிறார்கள். பாதி உண்மை. அவள் ஆசை ஆசையாகச் சேர்த்த கோட்டை ராணித் தொடரில் அதுவரை வந்திருந்த நான்கு பாகங்களையும், அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டு, "கதைப் புஸ்தகம்தானே" என்று சிரித்தார் கணவர். அவர் சிரித்துத் தள்ளியவை அதற்கு முன்னாலும் எத்தனையோ உண்டு. அவளுடைய வேலை, அவள் அம்மாவின் வியாதி, அவள் அழுகை. இது கடைசி. அன்றைக்கே பெட்டியைக் கட்டினாள். இப்போது மாடியில் ஒற்றை அறை. பழைய புத்தகக் கடைகளில் நாயாய் அலைந்து திரும்பச் சேர்த்த பாகங்கள் அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வந்தார். கையில் பளபளக்கும் காகிதம் சுற்றிய ஆறாம் பாகம்.

"மாப்பிள்ளையே கடைக்குப் போய் வாங்கியிருக்காரும்மா. மனுஷன் மாறிட்டாரு. கோபத்தை விட்டுட்டு வீட்டுக்குப் போ."

அக்கா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். "இது வெளிவந்த அன்னைக்கே படிச்சுட்டேன் அண்ணா. குப்பை."

அண்ணன் லேசுப்பட்டவரா? பஸ்ஸில் காகிதத்தைப் பிரித்துக் கடைசி அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, மறுபடி சுற்றித் தயாராக வந்திருந்தார். "உன் ராணியே கோட்டைக்குத் திரும்பிட்டாளே. உனக்கென்ன கேடு?"

அவ்வளவுதான், அக்காவுக்கு வந்ததே கோபம். "அஞ்சு பாகமா அந்த ராஜா அவளை என்ன பாடு படுத்தினான் தெரியுமா? அஞ்சாவதுல கிரீடத்தைக் கழட்டி வாசப்படியில வெச்சுட்டு நடந்தே போறா. அதை எத்தனை தடவை படிச்சிருப்பேன்! ஆறுல என்னடான்னா, 'அரசன் மனம் மாறிவிட்டான்'னு ஒரே ஒரு வரி. உடனே இவ ஓடிப்போய்க் கால்ல விழறா. எதுல மாறினான்? எழுதினவருக்கே தெரியல. என்னைக் கேட்டா, இந்தக் கதை அஞ்சாம் பாகத்தோட சரி."

"கதைதானேம்மா..."

"கதையைக் கொண்டுவந்தது நீதானே? சரி, நிஜத்தையே சொல்லு. உன் மாப்பிள்ளை எதுல மாறினாரு?"

"அதான் புத்தகம் வாங்கிக் குடுத்திருக்காரே!"

"எடைக்குப் போட்டது தப்புன்னு சொன்னாரா?"

அண்ணன் ஜன்னலைப் பார்த்தார்.

"சொன்னாரா அண்ணா?"

"வாயால சொல்லல. ஆனா இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்காரே. வயசான காலத்துல தனியா என்ன பண்ணுவே?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. காய்ச்சலில் கிடந்தபோது ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லாமல் அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். புத்தகத்தை அதே காகிதத்தில், மடிப்புக் கலையாமல் சுற்றினாள். அண்ணன் கையில் வைத்தாள்.

"அவர்கிட்டயே குடு. முதல் பாகத்துலேருந்து படிக்கச் சொல்லு. அப்பத்தான் அவ ஏன் போனான்னு புரியும்."

அண்ணன் முகம் மலர்ந்தது. "படிச்சுட்டாருன்னா வந்துருவியா?"

"வரமாட்டேன். தெரிஞ்சுக்கட்டும்."