"ஊசி வேணுமுங்க, டாக்டரம்மா"

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அவிநாசியிலிருந்து உள்ளே தள்ளி, டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற ஓர் ஊரில் அப்போது குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் சொந்தமாக விசைத்தறி போட்டிருந்தார். தறிச் சத்தத்தில் யார் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ரகசியம் பேசத் தோதான வீடு இல்லை.

மூத்தவன் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தான். இளையவளுக்கு எட்டு மாதம், பால்குடி மறக்கவில்லை. அவள் பிறந்தபோது எனக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். ரத்தம் நிற்காமல் போய், தறிக்காரர்களையெல்லாம் வேனில் ஏற்றி வந்து ரத்தம் கொடுக்க வைத்துப் பிழைக்க வைத்தார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என்னை வீட்டுக்கு அனுப்பும்போது, "இப்போதைக்கு இன்னொண்ணு வேண்டாமுங்க, இவங்க உடம்பு தாங்காது" என்று வீட்டுக்காரரை நிற்க வைத்துச் சொன்னார்கள். அவரும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். தலையாட்டியதோடு சரி.

சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழாவை, எங்கள் பேச்சில் நோம்பியை, சாட்டினார்கள். மாவிளக்கு எடுக்கிற அன்று நான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டால் அத்தை, அதாவது என் மாமியார், அடுத்த நோம்பி வரைக்கும் சொல்லிக் காட்டுவார். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மருந்துக் கடையில் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி விழுங்கினேன். நோம்பி நல்லபடியாக முடிந்தது. மாத்திரையையும் நிறுத்தினேன். வர வேண்டியதுதான் வரவில்லை.

"அது மாத்தரச் சூடு அம்மணி, மெதுவாத்தான் வரும்" என்றார் அத்தை. மருந்துக் கடைக்காரரும் அப்படியே சொன்னார். நானும் நம்பினேன். நம்புவதுதான் வசதியாக இருந்தது. ஒரு நாள் காலையில் கடுகு தாளிக்கிற வாசம் தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டு புழக்கடைக்கு ஓடினபோதுதான் எனக்கு உறைத்தது. ரெண்டு பெற்றவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாத்திரை தள்ளிப்போட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாளையெல்லாம் உண்மையில் தள்ளிப்போட்டது வயிற்றிலிருந்த பிள்ளை.

எனக்கு வந்தது வெறும் கவலை இல்லை, உயிர்ப் பயம். போன முறை ஆஸ்பத்திரி மெத்தை நனைந்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது அப்படியே ஞாபகத்தில் இருந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம், நான் போய்விட்டால் இதை யார் பார்ப்பார்கள் என்று அழுகை வரும். தறி ஓடுகிற சத்தத்தில் வீட்டுக்காரரின் காதில் கத்தித்தான் விஷயத்தையும், இது வேண்டாம் என்பதையும் சொன்னேன். மனுஷன் தறியை நிறுத்திவிட்டார். "நீ சொல்றதுதான் புள்ள. எனக்கு நீ இருக்கோணும்" என்றார். அவரை எத்தனையோ விஷயத்துக்குத் திட்டியிருக்கிறேன், அந்த ஒரு வார்த்தைக்காக மன்னித்தும் இருக்கிறேன்.

ஆனால் எங்கே போவது? கோயமுத்தூர் போனால் தங்க வேண்டியிருக்கும். கைக்குழந்தைக்காரி என்ன சொல்லிவிட்டுப் போவாள்? பக்கத்து ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிப் படி ஏறினாலோ, நான் வீடு திரும்புவதற்குள் சேதி வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும். அத்தைக்குத் தெரிந்தால் கலைக்க விடமாட்டார். கெட்ட மனசெல்லாம் இல்லை. நாங்க பெறாததா என்பார், அவ்வளவுதான். இந்த நேரத்தில் வீட்டுக்காரர், நூல் கொண்டுவருகிற வண்டிக்காரர் ஒருவர் சொன்னார் என்று ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். பேரும் இல்லை, அட்டையும் இல்லை, காகிதத்தில் மடித்த மாத்திரைகள். ஒரே ராத்திரியில் சரியாகிவிடுமாம்.

அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. முதலில் நம்ம டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறேன், வழி இல்லையென்றால் இதை விழுங்குகிறேன் என்று சொல்லி, பொட்டலத்தை மணிபர்சில் வைத்துக்கொண்டேன்.

நம்ம டாக்டரம்மா என்றால் நால்ரோட்டில் இருந்தவர். நாற்பது வயதிருக்கும். காய்ச்சல், சளி, சர்க்கரை, நாய்க்கடி எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டத்தில் அவர்தான். அங்கே போவதில் ஒரு சௌகரியம், எதற்குப் போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஓர் அசௌகரியமும் உண்டு. டாக்டரம்மா உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளேயே சுவரோரம் ஒரு நீள பெஞ்சு கிடக்கும். வரிசையில் அடுத்து வருகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும். கூப்பிடுகிற நேரம் மிச்சம். ஒருவர் தன் வியாதியைச் சொல்ல, பெஞ்சிலிருப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள், பத்தியம் சொல்வார்கள், "போன மாசம் எனக்கும் இப்பிடித்தானுங்க" என்று நடுவில் புகுவார்கள். யாருக்கும் அது தப்பாகத் தெரிந்ததில்லை. எனக்கும் அதுவரை தெரிந்ததில்லை.

முதல் தடவை போனபோது பெஞ்சு நிறையத் தெரிந்த முகங்கள். "என்னங்க செய்யுது?" என்று டாக்டரம்மா கேட்டதும் என் வாய் தானாக, "வயித்துக் கடுப்புங்க" என்றது. அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, கலர் தண்ணி மருந்து எழுதினார். பெஞ்சில் ஒருவர் மோர் குடிக்கச் சொன்னார். கடுப்பே இல்லாத வயிற்றுக்கு மருந்தோடு வீடு வந்து, புழக்கடையில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நாள் ஆக ஆக ஆபத்து என்பது எனக்குத் தெரியும். அந்த வாரத்திலேயே மறுபடி போனேன். இன்று சொல்லவில்லையென்றால் ராத்திரி பொட்டலம்தான் என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். உள்ளே நுழைந்தால் பெஞ்சின் நட்டநடுவில் பெரியத்தை. என் மாமியாரின் அக்கா. ஊரில் ஒரு விஷயம் பரவ வேண்டுமென்றால் தண்டோரா போடத் தேவையில்லை, இவரிடம் சொன்னால் போதும். மூட்டு வலிக்கு வந்திருந்தார். "வா கண்ணு, உனக்கென்ன?" என்று நகர்ந்து பக்கத்திலேயே இடம் போட்டுக் கொடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

என் முறை வந்தது. பெரியத்தை தன் முறை முடிந்தும் எழுந்து போகாமல் பெஞ்சிலேயே இருந்தார். "வயிறு தேவலையாங்க?" என்றார் டாக்டரம்மா. "இப்ப தலைவலிங்க" என்றேன். அவர் பேனாவை எடுத்துவிட்டார். எழுதிக் கொடுத்தால் முடிந்தது கதை. மணிபர்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த சின்ன அறை கண்ணில் பட்டது. ஊசி போடுகிற அறை. பொம்பளைகளுக்கு இடுப்பில் ஊசி போடும்போது சாத்துவார்கள், அந்த ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்துகிற ஒரே இடம் அதுதான்.

"எனக்கு ஊசி வேணுமுங்க, டாக்டரம்மா."

"தலைவலிக்கு எதுக்குங்க ஊசி? மாத்தரையே போதும்."

"இல்லீங்க, ஊசிதான் வேணும்."

"தேவையில்லாம நான் ஊசி போடறதில்லீங்களே" என்றார் கொஞ்சம் கடுப்பாக. அவர் சுபாவம் அப்படி. அன்றைக்குப் பார்த்துத்தானா இந்த நல்ல டாக்டர் நல்ல டாக்டராகவே இருக்க வேண்டும் என்று எனக்கு வயிறு எரிந்தது.

எதிர்பாராத பக்கத்திலிருந்து ஆதரவு வந்தது. "ஏனுங்க டாக்டரம்மா, புள்ள அவ்வளவு கேக்குதில்ல, ஒண்ணு போட்டு உடுங்க" என்றார் பெரியத்தை. பக்கத்தில் இருந்த பெரியவர், "ஊசி போட்டாத்தானுங்க சட்டுனு கேக்கும்" என்றார். இன்னொரு அம்மா, தனக்கு மாத்திரையில் அடங்காத காய்ச்சல் ஒரே ஊசியில் ஓடிப்போன கதையை ஆரம்பித்தார். பெஞ்சு மொத்தமும் எனக்காகச் சிபாரிசு செய்தது. டாக்டரம்மா அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் துடைக்காமல் அப்படியே அவரைப் பார்த்தேன். "சரி, உள்ள வாங்க" என்று எழுந்தார்.

கதவைச் சாத்தியதும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். நோம்பி மாத்திரை, கிழித்த வயிறு, எட்டு மாதக் குழந்தை, எல்லாம். கடைசியில் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டரம்மா அதைப் பிரித்து, மாத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன மாத்தரைன்னு எனக்கே தெரியலீங்க. இந்த மாதிரி எதையோ முழுங்கிப்போட்டு, ரத்தம் நிக்காம இங்க தூக்கிட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன். உங்க வயிறு ஏற்கெனவே தையல் போட்ட வயிறு" என்று சொல்லிக் குப்பைக் கூடையில் போட்டார். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கும் அதே குரலில், "உங்களுக்கே வேண்டாம்னுதானுங்களே? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டார். எனக்கேதான் என்றேன். "அப்படீன்னா இது சட்டப்படி செய்யறதுதானுங்க. நான் இதுக்குப் படிச்சிருக்கேன், இந்த ஆஸ்பத்திரிக்கு கவர்மெண்ட் அனுமதியும் இருக்கு. உங்க கையெழுத்து போதும். சீக்கிரமே வந்துட்டீங்க, பயப்படாதீங்க. ஏதாச்சும் சிக்கல்னா என் கார்லயே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயிருவேன்."

காய்ச்சலைப் பற்றிச் சொல்வது போல் அதைச் சொன்னார் பாருங்கள், அதில்தான் எனக்கு உயிர் வந்தது. நான் ஏதோ கொலைக்குற்றவாளி மாதிரி போயிருந்தேன், அவருக்கு நான் வரிசையில் வந்த இன்னொரு நோயாளி. கதவைத் திறக்கும் முன் என் கையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொடுத்து, "இடுப்பத் தேச்சுக்கிட்டே போங்க" என்றார். போடாத ஊசிக்குத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தேன். பெரியத்தை, "வலிக்குதா கண்ணு? வலிச்சாத்தான் மருந்து ஏறும்" என்றார்.

வீட்டில், இன்னும் ஊசி பாக்கி இருக்கிறது, வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சொன்னேன். "ஊசியைப் பாதில உட்டா ஆகாது, போயிட்டு வா, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பி வைத்தவர் அத்தையேதான்.

கூட்டம் இல்லாத மத்தியான நேரத்தில் டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரரும் கூட வந்தார். அந்தக் காலத்தில் இதற்கு நம்பி விழுங்கும் மாத்திரையெல்லாம் எங்கள் பக்கம் வரவில்லை. கையால் இழுக்கிற ஒரு பெரிய சிரிஞ்சு மாதிரிக் கருவிதான். வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே வலித்தது. ஆனால் சோறு வடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நர்ஸம்மா கையைப் பிடித்துக்கொண்டு, என் மகன் என்ன வகுப்பு, பாப்பா தவழ்கிறாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் டாக்டரம்மா, "இனி இந்த வம்பு வேண்டாம்னா லூப் வெச்சுக்கலாம், அது உங்க இஷ்டம்" என்றார். வைத்துக்கொண்டேன். படுக்க வைத்து, ரத்தப்போக்கைப் பார்த்து, எது நடந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுத்தான் விட்டார்.

வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. வாரக்கணக்காகக் காணாமல் போயிருந்த பசி. எதிர் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயும் வாங்கித் தந்தார் வீட்டுக்காரர். நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இன்னொரு பன் கேட்டேன்.

வீட்டில் தூரமாகிவிட்டேன் என்று சொன்னேன். அத்தை வாசல் அறையில் பாயைப் போட்டு, தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தார். "அந்த மாத்தரச் சூடு இப்பத்தான் எறங்கியிருக்குது" என்று அவருக்கு ஏக நிம்மதி. அடுப்படிப் பக்கம் போகக்கூடாது, பாத்திரம் தொடக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பிடிக்காத அந்த ஒதுக்கல், அந்தத் தடவை மட்டும் சம்பளத்தோடு கிடைத்த லீவு மாதிரி இருந்தது. பாப்பாவுக்குப் பால் கொடுத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு தறிச் சத்தத்திலேயே தூங்கினேன்.

மழை பிடித்த பிறகு பாப்பாவுக்குச் சளி என்று மறுபடி நால்ரோட்டுக்குப் போனேன். அந்த நீள பெஞ்சு வெளித் தாழ்வாரத்தில் கிடந்தது. அறைக்குக் கதவு சாத்தியிருந்தது. ஒருவர் வெளியே வந்த பிறகுதான் அடுத்தவர் உள்ளே போக வேண்டும். பெஞ்சிலிருந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. "டாக்டரம்மாவுக்கு மவுசு கூடிப்போச்சு. உள்ள அப்பிடி என்னதான் ரகசியமோ?" என்று பெரியத்தை முணுமுணுத்தார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். பாப்பாவின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்து எழுதிக்கொண்டே டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார்: "பெஞ்சை வெளிய போட்டதுல இருந்து ஒரு அதிசயம் பாருங்க. ஊசி வேணும்னு கேட்டு வர்ற பொம்பளைங்க பாதியாக் கொறஞ்சுட்டாங்க."

இப்போது இதற்கு மாத்திரையே வந்துவிட்டது, டாக்டர் சொன்னபடி சாப்பிட்டால் போதும் என்று என் மகள் சொல்கிறாள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எந்த டாக்டரிடம் போனாலும் எனக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்போது, எனக்கு முன்னால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, வேண்டாத ஊசியைக் கேட்டுப் பார்த்து, அதுவும் கிடைக்காமல், வந்த விஷயத்துக்கு வாய் திறக்காமலே எழுந்து போன பெண்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.