அத்தை தட்டி நிறுத்திய மரம்

ஒரு பெண் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால், அவளைச் சுற்றி இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? என் கல்யாணத்துக்கு விறகு அறுத்த நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு மகள் பிறந்த பிறகு, தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் விசேஷச் சமையலுக்கு விறகை வெளியில் வாங்குவதில்லை. தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் சொந்தக்காரர்களும் அப்பாவின் சிநேகிதர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, தாங்களே அறுத்து அடுக்குவார்கள். பெட்ரோலில் ஓடும் அறுப்பு மிஷின்தான். அது ஓடும்போது காதருகே போய்க் கத்தினாலும் அறுப்பவருக்குக் கேட்காது. அதனால் அவருக்குப் பின்னால் ஒருவர் நீளமான மூங்கில் கம்போடு நிற்பது எங்கள் வழக்கம். கட்டை உருளப்போகிறது, யாரோ குறுக்கே வருகிறார்கள் என்றால் கம்பால் முதுகில் ஒரு தட்டு. தட்டியதும் மிஷினை நிறுத்தியாக வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம்தான். அப்பாவுக்குக் கம்பு பிடிப்பது எப்போதும் அவருடைய அக்கா, என் அத்தை.

அத்தை ஆபத்துக்கு மட்டும் தட்டுகிறவர் அல்ல. டீ வந்தால் தட்டுவார். அப்பாவின் கைலி நழுவினால் தட்டுவார். "ஏக்கா, இதுக்கெல்லாமா தட்டுவ?" என்று அப்பா சலித்துக்கொண்டால், "பின்ன, கல்யாண வீட்டு மானம் போகட்டுமா? இறுக்கிக் கட்டுலே" என்பார். வத்தலக்குண்டிலிருந்து வரும் அப்பாவின் கிறிஸ்தவச் சிநேகிதரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் கட்டைகளை உருட்டிக்கொண்டே, "அக்கா கையில கம்பு இருந்தாத்தான் இவன் மனுசனா இருக்கான்" என்று சிரிப்பார். அன்று இரண்டு மிஷின்கள் ஓடின. ஒன்று அப்பாவிடம். இன்னொன்று அத்தையின் ஒரே மகனிடம். எனக்கு அத்தான் முறை. பெட்ரோல் புகையும் ஈர மண்ணும் மரத்தூளும் கலந்த அந்த வாசனையை நினைத்தால் இப்போதும் மனசு லேசாகிறது. நான் கல்யாணப் பெண் என்பதால் என்னை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. தூளில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். அவ்வளவு கவலையில்லாமல் நான் இருந்த கடைசி நாள்களில் அதுவும் ஒன்று.

ஐப்பசிக் காற்றில் சாய்ந்த புளியமரம் ஒன்று வரப்போரம் கிடந்தது. கோடை முழுக்கக் காய்ந்து அறுக்கத் தோதாக இருந்தது. ஆனால் அத்தை காலையிலேயே, "புளி எதுக்குடா? கருவேலத்தையே அறுப்பமே" என்றார். "காஞ்சு கெடக்கிற மரத்த விட்டுட்டு முள்ளுக்குள்ள போகச் சொல்றியா?" என்று அப்பா கயிற்றை இழுத்து மிஷினைக் கிளப்பிவிட்டார். அத்தை கம்பை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். டீ வந்தது, தட்டவில்லை. கைலி நழுவியது, தட்டவில்லை. அவருடைய கண் அடிமரத்தில் ஒரே இடத்தில் நின்றது. வெயிலில் களைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளைகளை முடித்து அப்பா அடிமரத்துக்கு வந்தார். மிஷினைப் பட்டையில் வைக்கப்போன நேரத்தில் அத்தை தட்டினார். ஒரு தட்டோடு நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தார். அப்பா மிஷினை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"என்னக்கா?"

"அந்த எடத்துல வைக்காத. உள்ள ஆணி கெடக்கு."

சுழலும் சங்கிலி ஆணியில் பட்டால் அறுந்து தெறிக்கும். சமயத்தில் மிஷினே ஆள்மேல் எகிறும். அப்பா கோடாரியால் பட்டையைச் செதுக்கினார். துருவேறிய தடித்த ஆணி ஒன்றின் தலை தெரிந்தது. மரம் அதை எப்போதோ விழுங்கி மேலே பட்டை மூடியிருந்தது.

"ஒனக்கு எப்படிக்கா தெரியும்?"

எங்கள் பக்கத்தில் பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்து, முடியை அறுத்துவிடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும் என்று நம்பிக்கை. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"என் முடிதான்டா" என்றார் அத்தை. "தலப்பிரசவத்துக்கு இங்கன வந்திருந்தேன்ல. நீ அப்ப மதுரையில படிச்சிக்கிட்டிருந்த. புள்ள பெறந்து ரொம்ப நாளா நான் யார்கிட்டயும் பேசல. புள்ளயத் தூக்கல. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாக."

அத்தான் தன் மிஷினை எப்போது நிறுத்தினார் என்று நான் கவனிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றிருந்தார். "நான் பெறந்தப்பவாம்மா?" என்றார்.

"நீ என்னலே பண்ணுவ? பச்சப்புள்ள."

வத்தலக்குண்டு மாமா தொண்டையைச் செருமினார். "எங்க ஆளுகன்னா எண்ணெயப் பூசி ஜெபம் பண்ணியிருப்பாக. மிஷினுக்காவது பாதகம் இருந்திருக்காது" என்றார். முதலில் சிரித்தது அத்தைதான். அம்மா மட்டும் தயங்கி, "கல்யாண அடுப்புக்கு இந்த மரமா மதினி?" என்று கேட்டார். "சாம்பாருக்கு என்னத்தா தெரியப்போகுது?" என்றார் அத்தை. ஆணி இருந்த பகுதியை விட்டுவிட்டு மற்றதை அறுத்து முடித்தார்கள். அத்தான் அதன்பின் மிஷினைத் தொடவில்லை. மாலைவரை தன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை, தம்பிக்கு அடிபடக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் அத்தை சொல்லிவிட்டார். கையில் அறுப்பு மிஷின் இல்லாத நாளில், என்ன ஆச்சு என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அன்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கல்யாணம், பட்டுப்புடவை, திண்டுக்கல்லில் பார்த்து வைத்த வாடகை வீடு என்று என் நினைப்பு வேறு எங்கோ இருந்தது.

இப்போது தோன்றுகிறது. மகள் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். பார்த்துவிட்டு வந்து, சரியாகப் பார்த்தேனா என்று மறுபடியும் போகிறேன். சில மாலைகளில் கணவர் "என்னாச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு வார்த்தையே வருவதில்லை. பிள்ளை அழும் சத்தம் கேட்டும் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். இது பல பேருக்கு வருவதுதான், மருத்துவம் இருக்கிறது என்று படித்திருக்கிறேன். ஆனால் தடுப்பூசிக்குப் போகும்போதெல்லாம் டாக்டரிடம் குழந்தையின் எடையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். நல்ல வீடு, நல்ல கணவர், ஆரோக்கியமான பிள்ளை. இதில் எனக்கு என்ன குறை என்று சொல்வது? ஆணி அடிக்க இன்று யாரும் வரமாட்டார்கள். இருந்தும் சொல்லப் பயமாக இருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மகளின் காதுகுத்துக்கு விறகு அறுக்கிறார்கள். அத்தை வருகிறார். இந்த வீட்டில் என்னைப் புரிந்துகொள்ளக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்று படுகிறது. அவரிடம் சொன்னால், டாக்டரிடம் சொல்லவும் தைரியம் வந்துவிடும். ஆனால் நான் வாயைத் திறந்தால் அவருக்குப் பழையதெல்லாம் திரும்பி வந்துவிடாதா? பேத்தி காதுகுத்தை ஆசையாகப் பார்க்க வருகிறவரிடம் இதைப் போய்ச் சொல்லலாமா? சொல்லாமலே இருந்தால் மகளுக்கு நான் செய்வது சரியா? மாற்றி மாற்றி யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றபின் இப்படி இருந்து மீண்டவர்கள் இருப்பீர்கள். நீங்கள் யாரிடம் முதலில் சொன்னீர்கள்? எப்படிச் சொன்னீர்கள்? முழுவதும் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்ன முதல் வாக்கியத்தை மட்டும் எனக்கு எழுதுங்கள். மீதியை நான் சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.